தெருவுக்குத் தெரியாமல் வெந்த கிழங்கு

மரவள்ளிக் கிழங்கு வேகும்போது எழுகிற ஆவிக்கு ஒரு வாடை உண்டு. ஈரமண்ணும் பச்சைப் பாலும் கலந்தது போல, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் குமட்டலுமாக, அடுப்படியை விட்டுக் கிளம்பி, ஓட்டு இடுக்கில் நுழைந்து, மூன்று வீடு தாண்டிப் போய், இன்னார் வீட்டில் இன்றைக்கு இதுதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டுத்தான் அது ஓயும். கறிக்குழம்பு வாசனையை யாரும் அடக்கி வைக்க நினைப்பதில்லை. தெருவே மோந்து பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து போட்டுத்தான் தாளிப்பார்கள். இந்தக் கிழங்கின் வாடையை அடக்கி வைக்க எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டார்கள், அதற்கு என் தம்பியின் உயிரையே கொடுக்க இருந்தார்கள்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கு வடக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் இருந்தது. எங்களை ஊரில் 'நெல்லுச்சோத்து வூடு' என்பார்கள். பெரிய பண்ணை என்று நினைத்துவிட வேண்டாம். ஊரே கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் தின்ற காலத்தில் என் நைனாவின் பாட்டன் மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்றாராம், அந்தப் பெருமை பேரன் காலம் வரைக்கும் ஏப்பமாக வந்துகொண்டிருந்தது. நைனா என்று நான் சொல்வது என் அப்பாவை. எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பிரிந்து, நைனாவின் கைக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் கரும்பும் நெல்லுமாக வந்து சேர்ந்தபோதும், பெயரை மட்டும் யாரும் பங்கு போடவில்லை. அது முழுசாக எங்களுக்கே கிடைத்தது.

அந்தப் பெயருக்கு ஏற்றபடி வாயைக் கட்டி வளர்க்கப்பட்டவர்கள் நானும் தம்பி பாபுவும். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சத்துணவு போடுவார்கள். சாம்பார் சோறு, சில நாள் அவித்த முட்டை. நாங்கள் அதைத் தொடக் கூடாது. "தட்டு ஏந்தித் துன்றது நம்ம வழக்கம் இல்ல" என்பது நைனாவின் சட்டம். வீட்டில் என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து சாப்பிட்ட பேர் பண்ணிவிட்டுத்தான் திரும்பிப் போக வேண்டும். கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகள், என்னோடு படித்த செல்வியும் அதில் ஒருத்தி, வரிசையாக உட்கார்ந்து முட்டையின் வெள்ளையை முதலில் தின்று, மஞ்சளைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டைத் தாண்டிப் போவேன். செல்வி ரேஷன் அரிசிச் சோறு தின்பாள், கூழ் குடிப்பாள், வயல் நண்டைச் சுட்டுத் தின்பாள், எதையும் யாரிடமும் மறைக்க மாட்டாள். எங்கள் வகுப்பில் காய்ச்சல், மயக்கம் என்று படுக்காத பிள்ளை அவள்தான். இன்றைக்கு நானும் ஒரு ஆசிரியையாக இருந்துகொண்டு அதை யோசிக்கும்போது கோபம் கோபமாக வருகிறது.

அம்மா பிறந்த ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில். மலையில் விளைகிற சாமையும் தினையும் மூட்டையாக இறங்கி வருகிற ஊர் அது. சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் தின்று வளர்ந்த அம்மாவுக்கு, இங்கே கல்யாணமாகி வந்த பிறகு அவற்றின் பெயரைச் சொல்லவே கூச்சமாகிவிட்டது. நைனாவின் ஒன்றுவிட்ட அக்கா சரோஜா அத்தை எதிர்வீட்டில் இருந்தாள். "மலையடிக்காரிக்கு நெல்லுச்சோறு செரிக்குதாடி?" என்று அவள் கேலி செய்யும்போதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். அத்தை மோசமானவள் இல்லை. நாக்கு கொஞ்சம் நீளம், மூக்கு அதைவிட நீளம், அவ்வளவுதான்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தால் தாங்கிக்கொள்ளலாம், மறு வருஷமும் பொய்த்தது. கிணற்றில் தண்ணீர் மோட்டார் குழாய்க்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கி, பிறகு சேறாகி, அந்தச் சேறும் வெடித்துப் போனது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு நின்ற இடத்திலேயே சக்கையாகிவிட, நைனா அதைக் கொளுத்திவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார், அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. நெல் கொட்டி வைக்கிற குதிர் காலியாகி, தட்டினால் ஓசை கேட்டது. ரேஷன் கடையில் அரிசி கிடைத்தது, எங்களுக்கும் கார்டு இருந்தது, ஆனால் நெல்லுச்சோத்து வூட்டுக்காரி பையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்க நைனாவுக்கு மனசு வரவில்லை. அந்த அரிசியை மாட்டுக்குக்கூடப் போட மாட்டேன் என்று ஊரறியப் பேசியவர் அவர்தான். இருந்த அரிசியில் அம்மா அவருக்கு மட்டும் சோறு வடித்தாள். எங்களுக்குக் கஞ்சி, பிறகு கஞ்சித்தண்ணீர்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு யூரியா சாக்கில் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் நிலத்தில் போட்டிருந்தது ஜவ்வரிசி மில்லுக்கு லாரியில் ஏற்றுகிற ரகம். மாவு ஜாஸ்தி, கசப்பும் ஜாஸ்தி. அந்தக் கசப்பு விஷம், மழை இல்லாத வருஷத்தில் இன்னும் ஏறும், ஆவியோடும் வெந்த தண்ணீரோடும்தான் வெளியே போகும். அதைத் தோல் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறு தண்ணீர் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. "கெழங்குச் சட்டிக்கு வாயக் கட்டாத" என்று அம்மாவின் பிறந்த வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களாம். மாமாவும் போகும்போது அதையே சொல்லிவிட்டுப் போனார், எனக்குத் தெரியாதா என்று அம்மாவும் சொன்னாள். தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

நைனா கிழங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் பசி அவருக்கும் தெரியும். மூட்டையைப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நம்ம அடுப்புல இன்னா வேவுதுன்னு தெருவுக்குத் தெரியக் கூடாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் திருட்டு வேலை மாதிரி நடந்தது. முன்கதவைச் சாத்தி, அடுப்படி ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, கிழங்குச் சட்டியைத் தட்டால் மூடி, தட்டின் விளிம்பில் ஈரத்துணியைச் சுற்றிவிடுவாள் அம்மா. ஆவி வெளியே போகாது என்று நம்பினாள். ஆனாலும் அந்த ஆரம்ப நாட்களில் வெந்த தண்ணீரை இறுத்துப் பின்பக்கத்துக் குழியில் ஊற்றி, தோலையும் அதிலேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். கெடுதலில் பாதியாவது அதோடு போயிருக்கும். எனக்கும் பாபுவுக்கும் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. யார் கேட்டாலும் 'நெல்லுச்சோறு, கத்திரிக்கா கொழம்பு' என்று சொல்ல வேண்டும். சரோஜா அத்தை தினமும் கேட்பாள், நாங்கள் தினமும் சொல்வோம். "ஒங்க வூட்டு கத்திரிச் செடிக்கு மட்டும் எங்கேர்ந்துடா தண்ணி வருது?" என்று ஒருநாள் அவள் கேட்டபோது பாபு திருதிருவென்று விழித்தான், நான் அவனை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். எங்கள் வீட்டில் மீசையை நைனா வைத்துக்கொண்டு கூழை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அதே நாட்களில் ஒரு சாயங்காலம் செல்வியின் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அவர்கள் வீட்டிலும் கிழங்குதான். வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, வாய் அகன்ற குண்டானில் தண்ணீர் தளும்பத் தளும்ப வைத்து, ஆவி தெருவெல்லாம் போக, அவள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடும் வழியில் போகிறவர்களோடும் பேசிக்கொண்டே அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். செல்வியும் அவள் தங்கைகளும் சூடான கிழங்கை மிளகாய்த் துவையலில் தொட்டு, கண்ணில் நீர் வரத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டை நீட்டினாள். எச்சில் ஊறியது. ஆனால் கண்ட வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்ததால், இப்போதுதான் சோறு தின்றேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் குழியை அத்தையின் வெள்ளாடு கிளறிவிட்டது. புல்லுக்கே வழியில்லாத கோடையில் ஆடு எதைத்தான் விடும்? மண்ணைக் காலால் தள்ளித் தோலைத் தின்றுவிட்டுப் போய், வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, கொஞ்ச நேரத்தில் காலை நீட்டிவிட்டது. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அத்தை தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "வெச்சவன் வூடு வெளங்காம போவட்டும்" என்று அவள் விட்ட சாபத்தை அம்மா ஜன்னல் சாக்குக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆடு எதைத் தின்றது என்று அத்தையும் அவள் மகனும் ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அம்மா குழியைத் தூர்த்து மேலே அடுப்புச் சாம்பலைக் கொட்டியிருந்தாள்.

அதன் பிறகு சில நாள் கிழங்குச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூங்குகிற பாபுவின் மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பாள். ஆனால் பசி அதையெல்லாம் பார்க்குமா? பாபு மண்சுவரைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்த பிறகு சட்டி மறுபடி ஏறியது.

இந்த முறை கொட்டுவதற்குக் குழி இல்லை. தோலை அடுப்பிலேயே போட்டு எரித்தாள். தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அத்தை வந்து மோந்து பார்ப்பாள் என்ற பயத்தில், கொட்டவே வேண்டாதபடி கொஞ்சமாக ஊற்றி, அது சுண்டுகிற வரை துணி சுற்றிய தட்டைத் திறக்காமல் அவித்தாள். நல்லா வெந்துட்டா ஒன்றும் ஆகாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஒரு துண்டை வாயில் வைத்தேன், கசந்தது, துப்பிவிட்டேன். அம்மாவும் ஒரு விள்ளல் தின்று பார்த்துவிட்டு, பானை அடியில் ஒட்டிக்கிடந்த வெல்லத்தைச் சுரண்டி எடுத்துக் கிழங்கோடு பிசைந்தாள். பாபுவுக்கு வெல்லம் என்றால் உயிர். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தன் பங்கைத் தின்று, நான் ஒதுக்கியதைத் தின்று, அம்மா தனக்கென்று வைத்திருந்ததையும் வழித்துத் தின்றுவிட்டு அவன் கையை நக்கினான். அந்தக் கோடையில் அவன் அவ்வளவு திருப்தியாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெயில் தாழ்வதற்குள் அவனுக்குத் தலை சுற்றியது. வாந்தி எடுத்தான், பிறகு அதற்கும் தெம்பில்லாமல் சுவரோடு சாய்ந்தான். வெகுதூரம் ஓடிவந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. படுத்துக் கிடக்கிற பிள்ளைக்கு எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. அம்மா போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தது சரோஜா அத்தைதான். அவள் மகனின் டெம்போவில்தான் பாபுவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை தன் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டே, இன்னா துன்னான், இன்னா துன்னான் என்று கேட்டாள். சோறுதான் தின்றான், வெயில் தாக்கிவிட்டது என்று நைனா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். அம்மா பாபுவின் மார்பைத் தடவிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், வாயை மோந்து பார்த்தார், பயிருக்கு அடிக்கிற மருந்து எதையாவது எடுத்துக் குடித்தானா என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்படி வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வீட்டில் மருந்தே கிடையாது என்றார் நைனா. அப்படியானால் என்ன சாப்பிட்டான், சரியாகச் சொன்னால்தானே அதற்கு வைத்தியம் பார்க்க முடியும் என்று டாக்டர் கேட்டபோது, கண்ணை மூடிக் கிடந்த பாபுவின் வாய் அசைந்தது.

"நெல்லுச்சோறு... கத்திரிக்கா கொழம்பு" என்றான்.

அவன் செத்துவிடுவான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு விட முடியாத பிள்ளை, சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். "ஆமாங்க, சோறுதாங்க. எங்க வூட்ல வேற இன்னா ஆக்கப் போறோம்" என்றார் நைனா. நர்சு ஏதோ ஒரு மருந்தை எடுக்கப் போனாள். கட்டிலைச் சுற்றி அத்தையும் அவள் மகனும் நின்றார்கள், பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த தியாகதுருகத்துக்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் நைனாவைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"கெழங்குங்க" என்றாள் அம்மா.

நைனா திரும்பினார். "வாய மூடு" என்றார், குரலை உயர்த்தாமல்.

அம்மா மூடவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மில்லுக் கெழங்குங்க. வாசன வெளிய போவக் கூடாதுன்னு மூடி போட்டு அவிச்சேன். தண்ணியும் கொட்டல. வூட்ல அரிசி இல்லைங்க." பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "அண்ணி, ஒங்க ஆடு செத்ததும் அதனாலதான்" என்றாள்.

டாக்டர் நர்சை நிறுத்தி வேறு ஏதோ சொன்னார். மூக்குக்குக் குழாய், வயிற்றைக் கழுவக் குழாய், கையில் ஊசி என்று எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது, எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அத்தை ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைத் தோளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதாடி? நீ மூடி போட்டாலும் வாசன வந்துகினுதான் இருந்துது. தம்பி முன்னாடி எப்பிடிச் சொல்றதுன்னு பாத்துகினு இருந்தேன்" என்று சொல்லி அழுதாள். தம்பி என்றது நைனாவை. ஆக, தெருவுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரியாத மாதிரி இருந்தது அவர்கள் எங்களுக்குக் காட்டிய மரியாதை. அந்த மரியாதையும் சேர்ந்துதான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தது.

பாபு பிழைத்துக்கொண்டான். மறுநாள் கண் விழித்து, பசிக்கிறது என்றான். ஊர் கொஞ்ச நாள் எங்களைப் பேசியது. மழை வந்ததும் மழையைப் பேசப் போய்விட்டது. யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை. அத்தை வந்து எங்கள் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கிப் போய், தானே வரிசையில் நின்று அரிசி வாங்கிவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் திறந்ததும் நானும் பாபுவும் தட்டை எடுத்துக்கொண்டு செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தோம், நைனா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கிழங்கு அவித்ததற்காக நைனா அம்மாவைத் திட்டவில்லை. தண்ணீரைக் கொட்டாததற்காகவும் திட்டவில்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் "வாய மூடு" என்று சொன்னதுதான் அவர் அம்மாவிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு எல்லாம் எங்கள் வழியாகத்தான். ஒங்கம்மாவ சோறு போடச் சொல்லு, ஒங்கம்மாகிட்ட நான் சந்தைக்குப் போறேன்னு சொல்லு. அவள் போட்டதைத் தின்றார், அவள் துவைத்ததைக் கட்டினார், என் கல்யாணத்தில் அவள் பக்கத்தில் மாலையோடு நின்றார். பேச்சு மட்டும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இன்று எங்கள் ஊரில் குதிர் கிடையாது, அந்தக் கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். ஓட்டு வீடுகள் போய் காங்கிரீட் மெத்தை வீடுகள் வந்துவிட்டன. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பும் குக்கரும் இருப்பதால் எந்த வீட்டில் என்ன வேகிறது என்று தெருவின் மூக்குக்கு எட்டுவதில்லை. அம்மா பெயரைச் சொல்லக் கூசிய சாமையும் தினையும் கள்ளக்குறிச்சிக் கடைகளில் பளபளப்பான பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலைக்குத் தொங்குகின்றன, காரில் வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். என் வகுப்பில் சில பிள்ளைகள் மத்தியானம் சாப்பாட்டு வரிசைக்கு வராமல், ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தின்றுவிட்டு, வீட்டிலிருந்து சாப்பிட்டு வந்துட்டோம் டீச்சர் என்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

நைனா போன வருஷம் காலமானார். கடைசி நாட்களில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அம்மா செம்போடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இப்போது சென்னையில் லாரி ஓட்டுகிற பாபு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக எங்களில் யாரும் கேட்காததை அவன் கேட்டான்.

"அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்?"

அம்மா அவிழ்ந்து விழுகிற கீற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா ஆயிருக்கும்? நீ போயிருப்ப" என்றாள். "ஒங்க நைனா எங்கிட்ட பேசிக்கினு இருந்திருப்பாரு."